கோட்டுக்கு வந்த கல்

பின்பனிக் காலம் பேசாமல் வருவது. மழைக்கு முழக்கம் உண்டு. வேனிலுக்கு அதட்டல் உண்டு. பனிக்கோ வரவும் தெரியாது, செலவும் தெரியாது. ஒரு காலையில் கதவைத் திறந்தால் உலகம் வெண்துகில் போர்த்திய நோயாளியைப்போல் படுத்திருக்கும். புல்லின் நுனிதோறும் ஒரு துளி, விழ மனமின்றியும் நிற்க வலுவின்றியும் தொங்கும். கதிரவன் எழுவான், எழுந்ததை ஒருவரும் நம்பமாட்டார். மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, கொடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று விரித்த கைகளோடு நிற்கும். மனிதரும் அவ்வாறே. ஆண்டின் பாரமெல்லாம் தோளில் இறங்குவது இப்பருவத்தில்தான். பழவினை யாவும் மூட்டுகளில் வலியாய்த் திரும்பி வந்து, எங்களை மறந்தாயோ என்று கேட்பதும் இப்பருவத்தில்தான்.

துப்பறிவாளரின் வலது முழங்கால் அன்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்தான், பாத்து எறங்குங்க. நீங்க விழுந்தா அக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்," என்றான் ஓடைக் கரையில் பின்னால் இறங்கி வந்த மைத்துனன். "'உன்ன நம்பி அனுப்பினேனே'ன்னு ஆரம்பிச்சா, அன்னைக்கு எனக்குச் சாப்பாடு போச்சு."

"விழறது நான். சாப்பாடு போறது உனக்கா?"

"இந்த வீட்ல எப்பவும் அதானே நடக்குது?"

மனைவியின் தம்பி. நாற்பதைக் கடந்தவன். வேலை தேடுவதாகச் சொல்லி வந்து, துப்பறிவாளரின் காரை ஓட்டத் தொடங்கி, பின்பு அவருடைய வழக்குகளுக்குள்ளும் குடியேறிவிட்டவன். வாய் ஓயாது, கண்ணும் ஓயாது. இரண்டாவதற்காக முதலாவதைப் பொறுத்துக்கொண்டார் துப்பறிவாளர்.

அவர்களுக்கு முன்னால் நடந்தவள், பழங்கற்கள் நிற்கும் மேட்டைக் காக்கும் காவலாளியின் மனைவி. தையற்கடையில் வேலை. நெஞ்சோடு கட்டிய கைகளில் குளிரைவிட அச்சமே மிகுதியாக இருந்தது.

"நாளைக்குக் கோர்ட்டுல நிறுத்துறாங்கய்யா," என்றாள், வழியில் பலமுறை சொன்னதையே. "நிறுத்திட்டா பெரிய ஜெயிலுக்குக் கொண்டுபோயிடுவாங்களாம். அவருக்கு மூச்சு இழுக்குது. இந்தப் பனியில சிமெண்டுத் தரையில படுக்க வச்சிருக்காங்க. அங்க போனா திரும்பி வரமாட்டாருய்யா."

வழக்கு எளியது, அதனாலேயே கடினமானது. ஊருக்கு வெளியே மேட்டுநிலத்தில் பழங்கால நெடுங்கற்கள் ஆறு நின்றன. யார் நட்டார், எதற்காக நட்டார் என்ற செய்தியை நட்டவர்களே தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள். அவற்றுள் ஐந்து, குன்றின் உச்சியிலிருந்து மேற்கு நோக்கி ஒரே நேர்கோட்டில் இறங்கின. இது தற்செயல் அன்று, எண்ணிச் செய்தது என்று ஆயுள் முழுவதும் வாதிட்டார் ஒரு பேராசிரியர். ஒரு கல்லருகே நின்றால் அடுத்தது தெரியும். கடைசிக் கல்லில் நின்றால் குளிர்காலச் சூரியன் மலைப்பிளவுக்குள் இறங்குவது தெரியும். இறந்தோர் அவ்வழியே ஒளியைத் தொடர்ந்து செல்லட்டும் என்று நட்டார்கள் என்பது அவர் துணிபு. எதிர்த்தவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கோட்டை விட்டு விலகி, மேய்ச்சல் நிலத்தின் நடுவே நிற்கிறதே ஆறாவது கல், அது எங்கே போக வழிகாட்டுகிறது?

அது வேறு எவரோ பிற்காலத்தில் நட்டது என்றார் பேராசிரியர். உண்மையான ஆறாவது கல் கோட்டின் முடிவில், ஓடைக்கரையில் இருந்தே தீரும் என்றார். ஆண்டாண்டாகத் தேடினார். கண் மங்கியது, கால் ஓய்ந்தது, கல் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் இரண்டு செய்திகள். மேய்ச்சல் நிலத்துத் தனிக்கல் காணாமற்போயிற்று. பங்களாத் தோட்டத்தை அழகுபடுத்துவோருக்கு அதை விற்றுவிட்டார் என்று காவலாளியைப் போலீஸ் விசாரணைக்கென்று பிடித்து வைத்துக்கொண்டது. அதே வாரத்தில் ஓடைக்கரை சரிந்து, நாணற்புதருக்குள் பேராசிரியர் சொன்ன இடத்திலேயே ஒரு நெடுங்கல் வெளிப்பட்டது. நாளை மறுநாள் அவருக்கு மேடையும் மாலையும். இரண்டு செய்தியையும் ஒருவரும் முடிச்சுப் போடவில்லை. காணாமற்போன கல்லின் தலை வேல்போலக் கூரியது. கிடைத்த கல்லின் தலையோ பலகைபோல் அகன்றது.

அந்த அகன்ற தலைக் கல்லின் முன்தான் இப்போது நின்றார்கள். இரண்டு ஆள் உயரம் இருந்தது.

துப்பறிவாளர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு எதிர்ப்புறமாக ஒருமுறை.

"என்ன வேண்டுதல் அத்தான்?"

"முழங்கால். மாப்ளே, மேல பாரு. கையைத் தூக்கினாலும் எட்டாத எடம். அங்க மட்டும் எண்ணெய் தடவின மாதிரி ஒரு பட்டை தெரியுதா?"

"தெரியுது. மத்த எடமெல்லாம் சொரசொரன்னு இருக்கு."

துப்பறிவாளர் காவலாளியின் மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, மேட்டுல நிக்கிற மத்தக் கல்லுல இப்படிப் பளபளப்பு உண்டா?"

"உண்டுய்யா. இடுப்பு உயரத்துல இருக்கும். மேய வர்ற மாடுங்க முதுகு சொறியும். தலமுற தலமுறயா சொறிஞ்சு வழவழன்னு ஆயிடுச்சுன்னு அவரு சொல்வாரு."

"இடுப்பு உயரத்துல," என்று திருப்பிச் சொன்னார் துப்பறிவாளர். "இங்க?"

மைத்துனன் குதிகால் உயர்த்திக் கையை நீட்டிப் பார்த்தான். விரல் எட்டவில்லை. "அப்ப இங்க மேஞ்சது ஒட்டகச்சிவிங்கி."

"இல்லன்னா?"

"மாடு ஸ்டூல் போட்டு ஏறியிருக்கணும்."

"இல்லன்னா?"

மூன்றாவது நகைச்சுவைக்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. மைத்துனன் தலையைச் சாய்த்தான். இன்னும் சாய்த்தான். இடுப்பை வளைத்து, வௌவால் உலகைக் காண்பதுபோல் கல்லைக் கண்டான்.

"அத்தான்! இது தலைகீழா நிக்குது!"

"உச்சியையும் பாத்துக்கோ. பாசி படரவே இல்ல. வெளுத்துக் கெடக்கு."

"ஆமா. சாக்ஸ் கழட்டின கால் மாதிரி. இத்தன காலம் மண்ணுக்குள்ள இருந்த பக்கம் அது."

காவலாளியின் மனைவி தன் கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்தாள். சீருடையில் காவலாளி, அருகே கூர்த்தலையோடு தனிக்கல், அவர் இடுப்புக்கு நேராக ஒரு பளபளப்பு. துப்பறிவாளர் கைப்பேசியை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். காவலாளி வானத்திலிருந்து தொங்கினார். கல் மட்டும் எதிரே நின்ற கல்லாகவே இருந்தது.

"அப்ப... கல்லு களவு போகலியாய்யா?"

"போகலம்மா. எடம் மாறி நிக்குது."

அவள் அழத் தொடங்கினாள். துப்பறிவாளர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. பொய்யான ஆறுதலைத் தருகிற வயதை அவர் கடந்துவிட்டிருந்தார். "இதுமட்டும் போதாதும்மா. 'உன் வீட்டுக்காரர்தான் எடுத்துக் குடுத்தாரு'ன்னு சொல்லுவாங்க. தூக்கிட்டு வந்த கை எதுன்னு தெரியணும். நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க. நாங்க வர்ற வரைக்கும் அங்கயே உக்காருங்க."

அவள் போனபின் அவர் குனிந்து கல்லின் அடியை நோக்கினார். குழியின் விளிம்பில் ஆப்புக் கற்கள் சுற்றிலும் இறுக்கி அடிக்கப்பட்டிருந்தன. மண் நீர் தேங்காதவாறு நாற்புறமும் சரிவாக அணைக்கப்பட்டிருந்தது. நல்ல வேலை. திருடன் இவ்வளவு நேர்த்தியாக நட்டு வைக்கமாட்டான்.

காரில் ஏறியதும் மைத்துனன் ஊர் வரைபடத்தை ஸ்டீயரிங்மேல் விரித்தான். ஏற்கனவே அதில் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தான்.

"இது என்ன?"

"நேத்து நீங்க அந்தப் பேராசிரியர் கட்டுரையைப் படிச்சுக்கிட்டே தூங்கிட்டீங்க. நான் ஆராய்ச்சி பண்ணேன். நம்ம ஊரு சலூன் கடையெல்லாம் குறிச்சேன். நாலு சலூன் ஒரே நேர்கோட்டுல வருது! கோடு எங்க முடியுது தெரியுமா? கண் ஆஸ்பத்திரியில. முடியிழந்தோர் ஒளியைத் தேடிப் போற வழி!"

துப்பறிவாளர் சிரித்தார், அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "எத்தனை சலூனைக் கோட்டுல வராதுன்னு விட்டுட்டே?"

"அது... நெறைய."

"அதான் விஷயம். வானத்துல எங்க பாத்தாலும் நட்சத்திரம் மூணு நேரா நிக்கும். ஆனா அவரை முட்டாள்னு நெனைக்காத. சலூன்ல நின்னா அடுத்த சலூன் தெரியாது. அந்த அஞ்சு கல்லுல தெரியுது. அவரு சொல்றது சரியாவும் இருக்கலாம். ஆறாவதுதான் அவரைக் கொல்லுது."

"அப்ப வாத்தியாரே தூக்கி வச்சிருப்பாரோ?"

"அவரால தம்ளரைத் தூக்க முடியல. அதோட, வாழ்நாள் பூரா கல்லைப் பாத்தவர் தலையை மண்ணுக்குள்ள வைப்பாரா? கூர்முனையைக் கீழ வைக்கிறவன் எவன்? யோசி."

கார் மெல்ல நகர்ந்தது. பனி இன்னும் விலகவில்லை. சாலையோரம் ஒரு காலிமனைக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கம்பத்தைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் கம்பத்தின் சீவிய கூர்முனை மண்ணுக்குள் இறங்கிற்று. அருகே ஒருவன் ஆப்புக் கல்லை இறுக்கி, மண்ணைச் சரிவாக அணைத்தான்.

"வண்டிய நிறுத்து," என்றார் துப்பறிவாளர்.

நிறுத்துமுன்பே மைத்துனனுக்குப் புரிந்துவிட்டது. "வேலிக்காரன்! கூர்முனையைக் கண்டா அவன் கை தானா மண்ணுக்குள்ள எறக்கும்." கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "அண்ணே! பெரிய கல்தூண் தூக்கி நடணும். சங்கிலிக் கப்பியோட லாரி யார்கிட்ட இருக்கு?"

"எங்க முதலாளிகிட்டதான். தந்தி ஆபீஸ் தெருவுல பட்டறை. இந்த ஊருல வேற யாருகிட்டயும் இல்ல."

"நல்ல மனுஷனா?"

"தங்கம். அந்தக் கல்லு ஆராய்ச்சி பண்றாரே பேராசிரியர், அவரு வீட்டம்மாவோட தம்பி."

மைத்துனன் கண்ணாடியை ஏற்றினான். சலூன் கோடு போட்ட வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

பட்டறையில் முள்கம்பிச் சுருள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கம்பங்கள் கூர் சீவப்பட்டு ஒரே திசையில் படுத்திருந்தன. ஒரு மூலையில் கப்பி பொருத்திய லாரி. அதன் சக்கர இடுக்குகளில் ஓடை மண் காய்ந்து வெளுத்திருந்தது. வேலிக்காரர் அகன்ற தோளர். கண்கள் மட்டும் பல நாள் உறங்காதவருடையவை.

"என்ன வேலி போடணும் சார்?"

"வேலி இல்ல. ஒரு சந்தேகம்," என்றார் துப்பறிவாளர். "கம்பம் நடும்போது கூர்முனையை மேல வச்சு நடுவீங்களா?"

"அப்படி எவனாவது நடுவானா? முதல் காத்துலயே சாஞ்சிடும்."

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒருத்தன் நட்டான். கூர் மேல. சாயவே இல்ல. மேய்ச்சல் நெலத்துல நின்னுச்சு."

வேலிக்காரர் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே ஒரு கம்பிச் சுருளின்மேல் அமர்ந்துவிட்டார்.

"தலைகீழாவா நட்டேன்?" என்றார். "பனியில ஒண்ணும் தெரியல சார். விடியக்காலைல பக்கத்துல நிக்கிற ஆளு தெரியல. நானும் ஒரு கூலியாளும்தான். அவனுக்கு இது என்ன கல்லுன்னே தெரியாது. குழியில எறக்கினேன், அணைச்சேன், வந்துட்டேன். முப்பது வருஷமா கை செஞ்ச வேலைய கையே செஞ்சிடுச்சு."

"எதுக்காக?"

"எங்க அத்தானுக்காக." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா போனப்ப எனக்கு நெனவு தெரியாத வயசு. அக்காவைக் கட்டிக்கிட்டு என்னையும் கூட்டிட்டு வந்தாரு. சோறு போட்டாரு, தொழில் வச்சுக் குடுத்தாரு. தனக்குன்னு ஒண்ணு கேட்டதில்ல. கேட்டது அந்த ஒரு கல்லுதான். அதையும் என்கிட்ட கேக்கல, தெய்வத்துக்கிட்ட கேட்டாரு. டாக்டர் இந்தப் பனி தாண்டறது கஷ்டம்னுட்டாரு. தெய்வம் குடுக்கல. நான் குடுத்தேன்."

மைத்துனன் தன் அத்தானைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"காவலாளிய உள்ள வச்சிருக்காங்களே?" துப்பறிவாளரின் குரலில் கடுமை இல்லை, களைப்பே இருந்தது.

"தெரியும் சார். அதான் தூக்கமே இல்ல. கல்லு காணோம்னா ஊர்ல ரெண்டு நாள் பேசி விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். மனுஷனைப் புடிப்பாங்கன்னு நெனைக்கல. நாளை மறுநாள் வரைக்கும் பொறுங்க. அத்தான் மேடையேறி ஒரு மாலையைப் போட்டுக்கட்டும். அடுத்த நிமிஷம் நானே ஸ்டேஷனுக்குப் போறேன். கையெடுத்துக் கும்பிடறேன்."

"நாளைக்கு அவரைக் கோர்ட்டுல நிறுத்துறாங்க. மூச்சு இழுக்கற மனுஷன்."

பட்டறைக்கு வெளியே எங்கோ சம்மட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. வேலிக்காரர் எழுந்து சட்டையை உதறினார்.

"சரி. வாங்க. ஆனா மொதல்ல அத்தான்கிட்ட நானே சொல்லணும். வேற யாரு வாயிலயும் அவரு கேக்கக் கூடாது."

பேராசிரியரின் வீட்டு வாசலில் அம்மையார் நின்றார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கதவை மறைத்துக்கொண்டார். "வேண்டாம்டா. இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு. ரெண்டே நாள்டா."

"முடியாதுக்கா."

உள்ளே சன்னலருகே சாய்வு நாற்காலியில் பேராசிரியர் படுத்திருந்தார். கம்பளிக்குள் உடல் இருப்பதே தெரியவில்லை. சுவரெங்கும் நூல்கள். எதிரே ஒரு பெரிய நிலப்படம். அதில் ஐந்து குண்டூசிகளைக் கோத்து ஒரு கறுப்பு நூல். ஆறாவது குண்டூசி புதியது.

"யாரு, மச்சானா? கூட யாரோ வந்திருக்காங்களே."

வேலிக்காரர் நாற்காலியருகே மண்டியிட்டார். "அத்தான், அந்தக் கல்லு..."

"தெரியும்ப்பா," என்றார் பேராசிரியர்.

வேலிக்காரர் தலையை நிமிர்த்தினார்.

"என்னைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினீங்களே, அன்னைக்கே தெரியும். எனக்குக் கண்ணுதான் போச்சு, கை போகல. தனிக்கல்லுல ஒரு சின்ன மூக்கு உண்டு. முப்பது வருஷம் அளவு நாடாவோட வளையத்தை அதுலதான் மாட்டுவேன். கையை நல்லா ஒசத்தித்தான் மாட்ட முடியும். அன்னைக்குச் சாஞ்சு நின்னேன், மூக்கு நெஞ்சுக்கு நேரா இருந்துச்சு. அதுவும் கவுந்து இருந்துச்சு." வறண்ட உதடுகளில் ஒரு சிரிப்பு நெளிந்தது. "வேலி நடற மாதிரியே நட்டிருக்கானேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் அத்தான் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு அழுதீங்க. சந்தோஷத்துல அழறீங்கன்னு நெனச்சேன். அதைக் கெடுக்க மனசு வரல. சரி, இவங்களுக்காக ஏமாந்த மாதிரி இருந்துடுவோம்னு இருந்துட்டேன். மேடையில ஏறிப் பொய் சொல்லவும் முடியாது. அதான் நாலு நாளா ஒடம்பு ரொம்ப முடியலன்னு படுத்திருக்கேன். அவ்வளவு மோசமில்ல, கஞ்சிதான் மோசம்."

அம்மையார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்பது அவருக்கே தெரிந்திராது. மூவரும் ஒருவரை ஒருவர் காப்பதற்காக ஒரே பொய்யின் மூன்று முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஐயா," என்றார் துப்பறிவாளர். இதைச் சொல்லவேண்டிய கடமை தம்முடையதாக வாய்த்ததே என்று நொந்தார். "அந்தத் தனிக்கல்லைத் திருடினதா மேட்டுக் காவலாளியைப் புடிச்சு வச்சிருக்காங்க. இன்னும் விடல. நாளைக்குக் கோர்ட்டு."

பேராசிரியரின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. மெல்லத் தலையைத் திருப்பி, மனைவி நிற்கும் திசையை நோக்கினார்.

"பேப்பர் நீதானே படிச்சுக் காட்டுவே?"

"அந்தப் பக்கத்தைப் படிக்கல," என்றார் அம்மையார்.

"குடை இல்லாம நான் மேட்டுல நின்னப்பல்லாம் தன் குடையைக் குடுத்துட்டு நனைஞ்சவன் அவன். என்னோட ஒரு கோட்டுக்காக அவன் தரையில படுத்திருக்கான்." அவர் கம்பளியை விலக்கினார். கால்கள் தரையைத் தேடின. "என்னை எழுப்புங்க."

"நீங்க வரவேண்டாம் அத்தான். நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"நீ தூக்கின கல்லை நீ சொல்லு. அது கோட்டுல இல்லாத கல்லுன்னு நான்தான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டாங்க." எழுந்து நின்று சற்று மூச்சு வாங்கினார். "அஞ்சு கல்லு நேராத்தான் நிக்குது. அது நெசம். அவங்க நெனச்சு நட்டாங்களான்னா, இன்னமும் ஆமான்னுதான் சொல்வேன். ஆனா அந்த ஒரு கல்லைத் தள்ளி வச்சாங்களே, அதையும் நெனச்சுத்தானே வச்சிருப்பாங்க? அதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். என் கணக்குக்கு ஒத்துவரலேன்னு நான் கேக்கவே இல்ல."

போகும் வழியில் நிலப்படத்தைத் தடவி, ஆறாவது குண்டூசியைத் தாமே பிடுங்கினார்.

காவல் நிலையத்தில் ஆய்வாளர் முதலில் நம்பவில்லை, பிறகு சினந்தார், பிறகு சோர்ந்தார். வேலிக்காரர் ஒன்றையும் மறைக்கவில்லை. பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தபடி, தம் கண்டுபிடிப்பு என்று ஊர் கொண்டாடியதைத் தம் வாயாலேயே மறுத்தார். பெரிய மேடைகளில் முழங்கிய குரல் அன்று மேசைக்கு அப்பால் கேட்கவில்லை. ஆய்வாளர் இருமுறை "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார், அவர் இருமுறையும் சொன்னார்.

வேலிக்காரர்மேல் வழக்குப் பதிவாயிற்று. நாளை அவர்தான் கோர்ட்டில் நிற்கவேண்டும் என்று சொல்லி, பேராசிரியரின் பொறுப்பில் விடுத்தார்கள். காவலாளி கம்பிக்கதவைத் தாண்டி வந்தபோது அவர் மனைவி ஓடவில்லை. அருகில் வந்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"நல்லா இருமறீங்க," என்றாள்.

"பனிதானே. போயிடும்."

"அத்தான்," என்று மைத்துனன் துப்பறிவாளரின் காதருகே குனிந்தான், "நீங்க தெய்வத்துக்கிட்ட எதுவாவது கேக்கறதா இருந்தா, சின்னதாக் கேளுங்க. என்னால கல்லெல்லாம் தூக்க முடியாது."

"முழங்காலைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அதுக்கு நான் மருந்துக்கடைக்குப் போய்க்கறேன்." துப்பறிவாளர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

எல்லோரும் ஒரே காரில் நெருக்கி அமர்ந்து வீட்டுக்குப் போகும் வழியில் காவலாளி வண்டியை நிறுத்தச் சொன்னார். மேய்ச்சல் நிலம். பனி மீண்டும் இறங்கத் தொடங்கியிருந்தது. மேற்கே மலைப்பிளவில் சூரியன் ஒரு செம்புத் தட்டாய் மங்கியிருந்தான். பேராசிரியர் காரிலேயே இருந்தார், கண்ணாடியை இறக்கிவிட்டு. மற்றவர்கள் காவலாளியின் பின்னே நடந்தார்கள்.

தனிக்கல் நின்ற இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. சருகுகளும் எவரோ எறிந்த காகிதமும் அதில் சேர்ந்திருந்தன. காவலாளி குழியின் விளிம்பில் அமர்ந்தார். கையை உள்ளே விட்டுச் சருகுகளை ஒவ்வொரு பிடியாக அள்ளி வெளியே வைத்தார். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். சரிந்திருந்த விளிம்பு மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். பிறகு வெறுமைக்கு முன்னே கைகுவித்துக் கண்மூடினார்.

"கல்லுதான் இல்லியே," என்றாள் மனைவி மெதுவாக.

"நின்ன எடம் இருக்கில்ல?"

வேலிக்காரர் அதுவரை தொலைவில் நின்றிருந்தவர், வந்து அவர் காலடியில் விழுந்தார். அந்த அகன்ற தோள்கள் குலுங்கின. காவலாளிக்குச் சினம் இருந்தது. சிமெண்டுத் தரையின் குளிர் இன்னும் எலும்பில் இருந்தது. பிறகு காரின் பக்கம், சன்னலில் தெரிந்த அந்த நரைத்த தலையை ஒருமுறை பார்த்தார். குனிந்து, மண் படிந்த தம் கையை வேலிக்காரரின் தலைமேல் வைத்தார்.

"எந்திரிப்பா. நல்லா இரு. உன் கை நட்டதெல்லாம் நிலைச்சு நிக்கட்டும்."